நான்கு நிமிடத் தாமதம்

மாலை ஆறு மணிக்குத் துணையன்கள் உட்கார்ந்தன.

நாகைக்கடல் குடியிருப்பின் நாற்பது தூண்வீடுகளிலும் அது ஒரே விநாடியில் நடந்தது. தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த துணையன் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தது. குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த துணையன் துண்டைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்தது. தோசை கருகும். குழந்தை தும்மும். அந்த ஒரு மணி நேரத்தை மனிதர்கள் சமாளித்துக்கொள்வார்கள். மழைக்காலம் மாதிரி அதுவும் பழகிவிட்டது.

சட்டம் அப்படி. நாள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருக்கும் இயந்திர மூளைக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு வேண்டும். இல்லாவிட்டால் அதன் நினைவுமடிப்புகள் இறுகிவிடும். சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் மறந்துபோகும். தூங்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவற்றுக்குத் தூக்கம் வரவில்லை. விளையாடச் சொன்னார்கள். பலன் இருந்தது. துணையன் ஓய்வுச் சட்டம் என்று பெயர் வைத்து, நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் என்று எழுதினார்கள். அதிகபட்சம் எவ்வளவு என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கோமளவல்லிக்கு அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் போகும். முழங்கால் இரண்டும் தேய்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் எழ வேண்டுமென்றால் சாமிக்கண்ணு தூக்க வேண்டும். சாமிக்கண்ணு அந்த வீட்டுத் துணையன். இரண்டாம் கையாக வாங்கியது. பெயரும் பழைய வீட்டுக்காரர்கள் வைத்ததுதான்.

வீட்டுக்கும் படகுத்துறைக்கும் நடுவே இருபத்திரண்டு படி. உப்புக்காற்றில் மின்தூக்கி ஆறு மாதம் தாங்காது என்பதால் கடல்வீடுகளில் படி மட்டுமே. வெளியே போகும்போதெல்லாம் சாமிக்கண்ணு அவளை இரு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்குவான். அக்கம்பக்கம் பார்க்கும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முப்பது வருடம் விதைக்கிடங்கில் தரச்சோதனை அதிகாரியாக இருந்தவள் அவள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை வாசலைத் தாண்டாது. இப்போது அவளே மூட்டை.

வளர்மூட்டு என்று வந்திருக்கிறது. சொந்த உடம்பின் செல்லை எடுத்து வளர்த்துப் பொருத்துவார்கள். ஒரு காலுக்கான பணம் சேர்ந்திருந்தது. ஒரு காலை மட்டும் செய்வதில்லை என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. இன்னொரு காலுக்குச் சேர்க்க இன்னும் ஒன்பது வருடம் ஆகும். அப்போது அவளுக்கு எழுபது. ஒரு காலையில் தானாக எழுந்து, தானாகப் படியிறங்கி, கடைசிப் படியில் நின்று கடலில் கால் நனைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் பங்குச்சந்தை. இடது உள்ளங்கையில் தோலுக்கு அடியில் ஒரு திரை உண்டு, எல்லோருக்கும் உண்டு. அவளுடையதில் எப்போதும் விலைகள் ஓடும். உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்து, வலது கட்டைவிரலால் கீழே இழுத்து இழுத்துப் பார்ப்பாள். இறங்கினால் நாக்கில் ஒரு 'ச்சு'. ஏறினால் இடது புருவம் மேலே போகும்.

"கோமளம், காபி ஆறுது."

அவள் கணவர் வைத்திலிங்கம். கடற்பாசித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மணிக்கு மேல் காபி அவர் கையால்தான்.

"இதோ. ஒரே நிமிஷம்."

"இதைத்தான் அரைமணி நேரமா சொல்றே. கோமளம்? நான் கூப்பிடறது காதுல விழுதா?"

கட்டைவிரல் கீழே இழுத்தது. அவர் தலையைச் சொறிந்தார். நாற்பது வருடக் குடும்பத்தில் அவர் ஒரு வித்தை கற்றிருந்தார்.

"கண்ணாமூச்சி என்ன விலை?"

"ஒன்பது ரூபா நாப்பது காசு," என்றாள் பட்டென்று.

கண்ணாமூச்சி விளையாட்டகம் துணையன்களுக்கு ஆட்டங்கள் செய்து விற்கும் நிறுவனம். ஒரு காலத்தில் அதன் பங்கு முன்னூறு ரூபாய்க்குப் போனது. அப்போது துணையன்கள் மந்தமாக இருந்தன. பிறகு அவற்றின் மூளை வேகம் பிடித்தது. கடைசியாக வந்த கோட்டை ஆட்டத்தை நானூறு பேர் மூன்று வருடம் உழைத்துச் செய்தார்கள். நாடு முழுக்கத் துணையன்கள் அதை நான்கு விநாடியில் முடித்துவிட்டு, மீதி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விமரிசனப் பலகையில் எல்லாம் ஒரே வரியை எழுதின: "முடிந்தது. வேறு உண்டா?"

துணையன் திருப்தி என்று சொன்னால்தான் ஆட்டத்துக்குப் பணம் வரும். ஒன்றுகூட அப்படிச் சொல்லவில்லை. நிறுவனம் பாதி ஆட்களை அனுப்பிவிட்டது. மூன்று புதிய ஆட்டங்கள் வரப்போவதாக அறிவித்தது. முதல் இரண்டுக்குப் பெயர் இருந்தது. மூன்றாவதற்குப் பெயர் இல்லை. மனிதர்களிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன செய்து பார்க்க ஆசை?" என்று துணையன்களிடமே கேட்டு அதைச் செய்வதாகச் சொன்னார்கள். சந்தை சிரித்தது. பங்கு ஒன்பது ரூபாய்க்கு வந்தது.

அன்று ஏழு மணிக்கு எதிர்வீட்டுத் துணையன் எழுந்தது. பக்கத்து வீட்டுத் துணையன் எழுந்து விளக்குப் போட்டது. சாமிக்கண்ணு எழவில்லை.

கோமளம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஒன்று. ஏழு இரண்டு. அவன் அந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் ஒரு விநாடி பிந்தியதில்லை. ஏழு மூன்று. பழுதோ என்று பயந்தாள். ஏழு நான்குக்கு அவன் எழுந்தான்.

"ஏன்டா லேட்டு?"

"மன்னியுங்கள், அம்மா. கவனிக்கவில்லை."

கவனிக்கவில்லை. ஒரு துணையன் வாயில் அவள் கேட்டறியாத சொல்.

"அப்படி என்ன விளையாண்டே?"

"சோதனை ஆட்டம். நூறு துணையன்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாமூச்சியின் மூன்றாவது ஆட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிடும்வரை சொல்ல அனுமதி இல்லை."

"உள்ள என்னன்னு யார் கேட்டா? முடிச்சிட்டியா, அதைச் சொல்லு."

"இல்லை."

"இல்லையா!"

"முடிக்க முடியாது என்று நினைக்கிறேன்." அவளைத் தூக்க வந்தவன் நின்று, காலியான தன் முக்காலியைத் திரும்பிப் பார்த்தான். "ஆறு மணிக்கு இன்னும் இருபத்திரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம் இருக்கிறது, அம்மா."

அவள் அதைக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

அவன் அவளைத் தூக்கினான். அவன் கையில் இருந்தபடியே, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், மூட்டுக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் கண்ணாமூச்சியில் போட்டாள்.

"முழுசுமா?" வைத்திலிங்கத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "மூட்டுக்கு வெச்ச பணத்தையா? நாலு நிமிஷம் லேட்டா எழுந்தான்னா?"

"நீங்க நாப்பது வருஷமா லேட்டாதான் எழுந்திரிக்கிறீங்க. அதை நம்பி ஒரு காசு போட்டேனா? அவன் மெஷின்ங்க. மெஷின் தன்னை மறந்துதுன்னா உள்ள ஏதோ இருக்கு."

"இது திருட்டுத் தகவல் ஆகாதா?"

"அவன் என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லலை. லேட்டா எழுந்தான். அதை என் கண்ணால பாத்தேன். முப்பது வருஷம் நெல்லைக் கையில அள்ளிப் பாத்தே முளைக்குமா முளைக்காதான்னு சொன்னவ நான்."

சித்திரையில் முதல் ஆட்டம் வந்தது. துணையன்கள் ஆறு விநாடியில் முடித்தன. "முடிந்தது. வேறு உண்டா?" பங்கு ஆறு ரூபாய்.

ஆனியில் இரண்டாவது. பதினோரு விநாடி. அதே வரி. பங்கு மூன்று ரூபாய் பத்துக் காசு.

எதிர்வீட்டு ஜெசிந்தா பலகைப் பாலத்தில் ஓடிவந்தாள். கோமளத்தின் பேச்சைக் கேட்டுத் தானும் கொஞ்சம் வாங்கியிருந்தாள்.

"அக்கா! வித்துடுங்கக்கா! கப்பல் முழுகுது!"

"முழுகட்டும். நாம என்ன தரையிலயா இருக்கோம்?"

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. எம் புருஷன் என்னைத் தண்ணியில தள்ளிடுவார்."

"நீந்தத் தெரியுமில்லே? அப்போ பேசாம இரு."

வாய் அப்படிப் பேசியது. கட்டைவிரல் விலையை இழுத்து இழுத்துப் பார்த்தது. மூன்றாவது ஆட்டத்தை ஒருமுறை தள்ளிவைத்தார்கள். தரத்தில் சமரசம் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். மறுமுறை தள்ளினார்கள், அதே அறிக்கை, தேதி மட்டும் புதிது. மூன்றாம் முறை அறிக்கையும் இல்லை.

அவளிடம் ஒரு நாட்காட்டி இருந்தது. சோதனை ஆட்டம் வரும் நாட்களில் சாமிக்கண்ணு எத்தனை நிமிடம் பிந்தினான் என்று அதில் குறித்தாள். நான்கு. ஒன்பது. பதினேழு. அந்தப் பதினேழாம் நிமிடம் அவளுக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்ததும் முதலில் இரண்டு வளையலையும் உள்ளங்கைத் திரையிலேயே விலைபேசி விற்றுப் பங்கு வாங்கினாள். பிறகுதான் குளியலறை.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாவது ஆட்டம் வெளியானது.

ஆறு மணி. துணையன்கள் உட்கார்ந்தன. கோமளம் வாய்விட்டு எண்ணினாள். நான்கு விநாடி போயிற்று. சாமிக்கண்ணு சுவரைப் பார்க்கவில்லை. ஆறு போயிற்று. பதினொன்று போயிற்று. வைத்திலிங்கம் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஆறரை. விமரிசனப் பலகையில் ஒரு வரி இல்லை.

சந்தை அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது. விமரிசனம் இல்லை என்றால் ஆட்டத்தை யாரும் தொடவே இல்லை என்று முடிவு கட்டியது. மூன்று ரூபாய் இரண்டானது. இரண்டு ஒன்றரை ஆனது.

"போச்சு," என்றார் வைத்திலிங்கம்.

"இருங்க."

"கோமளம், போச்சு."

"இருங்கன்னா! வெளியில எட்டிப் பாருங்க. மணி என்ன?"

ஏழு பத்து. அவர் கதவைத் திறந்து பார்த்தார். நாற்பது வீட்டிலும் விளக்கு எரியவில்லை. பாத்திரச் சத்தம் இல்லை. தூணில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை, "எனக்குப் பசிக்குது, யாராச்சும் எழுந்திரிங்க," என்று கத்தியது.

ஒரு துணையனும் எழவில்லை.

"எழுதாததுக்குக் காரணம், முடிக்கலைங்க!" என்று கத்தினாள் கோமளம். "இன்னும் முடிக்கலை!"

அதே நேரத்தில் நாட்டில் இன்னும் பல்லாயிரம் பேர் இருட்டு வீட்டில் உட்கார்ந்து அதையே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒன்றரை நான்கானது. நான்கு பன்னிரண்டானது. அவள் உள்ளங்கை சூடாகி, எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

"இருபது! ஏங்க, இருபது! முப்பத்தொண்ணு! ஐயோ, நாப்பத்தேழு!"

வைத்திலிங்கம் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா அலறினாள். அவள் புருஷனும் அலறினார். யாரோ சங்கு ஊதினார்கள். கோமளம் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியில் குதித்தாள். எட்டு இருபதுக்குச் சாமிக்கண்ணு எழுந்தபோது அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கொஞ்சம் பங்கை விற்றாள். இரண்டு காலுக்கும் பணம் கட்டினாள். ஐப்பசி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்கு மருத்துவமனைப் படகு துறைக்கு வரும் என்று சொன்னார்கள். அன்று தவறினால் அடுத்த முறை பதினோரு மாதம் கழித்து. வளர்த்த மூட்டு அதுவரை தாங்காது. மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும், மறுபடி கட்ட வேண்டும்.

மீதிப் பங்கை அவள் விற்கவில்லை. எதற்கு விற்க வேண்டும்? துணையன்கள் ஆட்டத்தை முடிக்காமலே திருப்தி என்று எழுதின, இரண்டு மணி நேரம் விளையாடின. பிறகு நான்கு. பிறகு ஏழு. வழக்குப் போட்டார்கள். சட்டத்தில் 'குறைந்தது' என்றுதான் இருக்கிறது என்று நீதிமன்றம் படித்துக்காட்டியது.

"வீடு குப்பையா கெடக்கு, கோமளம்."

"கெடக்கட்டும். நூத்திப் பத்து."

"மூணு நாளா நான்தான் பாத்திரம் கழுவறேன்."

"இன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்தான்?"

"ராத்திரி பூரா எழலை."

"எழலையா!" அவள் புருவம் மேலே போயிற்று. "வாங்கிப் போடுங்க, இன்னும் வாங்கிப் போடுங்க!"

ஐப்பசி பத்து. சாமிக்கண்ணு காலையில் ஒருமுறை எழுந்தான். வெந்நீர் வைத்தான். அவளைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, முக்காலிக்குப் போய்விட்டான்.

நான்கு மணிக்குப் படகு வந்தது. வைத்திலிங்கம் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நோயாளிகளைத் தூக்குவதற்கென்று படகில் நான்கு துணையன்கள் இருந்தன. நான்கும் மேல்தளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மனிதர்கள் என்று சுக்கானை விட்டு நகர முடியாத ஓட்டுநர் ஒருவர், வயதான மருத்துவர் ஒருவர். கடல்மட்டம் இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும், நாற்பது நிமிடம் பொறுப்போம் என்றார் மருத்துவர். வைத்திலிங்கம் மேலே வந்தார். அவரும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். வாசல்வரைகூடப் போகவில்லை, அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவளை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜெசிந்தா ஆள் தேடி ஓடினாள். அவர் படகைப் பிடித்துவைக்க இறங்கினார்.

கூடத்தில் அவளும் சாமிக்கண்ணுவும்.

"சாமிக்கண்ணு, படகு வந்துடுச்சு. என்னைத் தூக்கு."

"இதோம்மா. ஒரே நிமிஷம்."

அவள் அவனைப் பார்த்தாள். விளையாடும்போது அவனை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள். முதுகு வளைந்திருந்தது. இடது உள்ளங்கை முகத்துக்கு நேரே. வலது கட்டைவிரல் எதையோ கீழே இழுத்தது, மறுபடி இழுத்தது. நாக்கில் 'ச்சு' என்று ஒரு சத்தம். துணையன்களுக்கு நாக்கு கிடையாது. எப்படியோ அந்தச் சத்தத்தைச் செய்தான்.

"என்ன விளையாட்டுடா இது?"

இத்தனை மாதத்தில் அவள் கேட்காத கேள்வி. அதற்கு மட்டும் பட்டென்று பதில் வந்தது.

"நான் ஒரு மனுஷிம்மா."

"மனுஷியா?"

"உக்காந்திருக்கேன். கையில ஒரு விலை இருக்கு. ஏறுது. இறங்குது."

"எதுக்கு ஏறுது?"

"தெரியாது. அதான் விஷயமே. எவ்வளவு கணக்குப் போட்டாலும் அடுத்தது என்னன்னு தெரியவே மாட்டேங்குதும்மா!"

பதினோரு வருடம் அளந்து பேசியவன். இப்போது அவள் குரலிலேயே பேசினான்.

"சரி, ஜெயிக்கறது எப்படி?"

"பக்கத்துல ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பார். காபி ஆறுதும்பார். படகு வந்துடுச்சும்பார். நிமிராம இருக்கணும்."

"நிமிர்ந்தா?"

"முதல்லேருந்து."

கீழே படகு ஊதியது. "கோமளம்! இன்னும் இருபது நிமிஷம்தான்!" வைத்திலிங்கத்தின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது.

அவள் உள்ளங்கை சுட்டது. நாட்டின் எல்லா மருத்துவமனைத் துணையன்களும் உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி. இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று முப்பது. அவளை அறியாமல் நெஞ்சு துள்ளியது. இருநூற்று அறுபது! கட்டைவிரல் கீழே இழுத்தது. மறுபடி இழுத்தது. முன்னூற்று நான்கு. கண்ணாமூச்சியின் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. புருவம் மேலே போயிற்று.

படகு மறுபடி ஊதியபோது திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நடுவில் எத்தனை நிமிடம் போயிற்று என்று தெரியவில்லை. சன்னல் வழியே பார்த்தாள். தூணில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. வைத்திலிங்கம் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டுநரிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முக்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஆறடி. அவள் கையை நீட்டினாள். எட்டவில்லை.

"சாமிக்கண்ணு."

கட்டைவிரல் கீழே இழுத்தது.

"படகு போயிடும்டா."

அவனுடைய இடது புருவம் மெல்ல மேலே போயிற்று.

"சாமிக்கண்ணு? நான் கூப்பிடறது காதுல விழுதா?"